லெந்து காலத்தில் மதுரை: நாள்தோறும் எழுதிய பயணக் குறிப்புகள்

திங்கட்கிழமை, நரிமேடு

காலையில் திருநெல்வேலியில் ஏறிய ரயில் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று கரிசல் காட்டைக் கடந்து, வெயில் உச்சிக்கு ஏறுமுன் மதுரையில் இறக்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான லெந்து காலம் என்பதால் சித்தியின் வீட்டில் இறைச்சி கிடையாது. மோர்க்குழம்பும் கொத்தவரங்காய் வற்றலும் காத்திருந்தன. சாப்பிட்டு முடித்து, வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன்.

எதற்காக இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தது முதல் எங்கள் வீட்டில் கடிகாரம் என்பது அவருடைய மருந்து, கஞ்சி, கைகால் பயிற்சி, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவற்றின் வரிசைதான். கொழுந்தனாரும் ஓரகத்தியும் பாளையங்கோட்டைக்கு வந்து, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஒரு வாரம் மதுரைக்குப் போய்ச் சித்தியோடு இருந்துவிட்டு வாருங்கள், மதினி" என்று வற்புறுத்தி அனுப்பினார்கள். ஓய்வுக்காகவே அவர்கள் அனுப்பினார்கள் என்றாலும், என்னோடு ஒரு கேள்வியும் ரயில் ஏறி வந்திருக்கிறது. துன்பம் சட்டென்று வந்து சட்டென்று போனால் அதைத் தாங்கிவிடலாம். அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, போவதாகவே தெரியாதபோது விசுவாசத்தில் தரித்து நிற்கிறவர்கள் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள்? மதுரைச் சீமையில் அப்படி நின்றவர்கள் பலர். சிலர் சரித்திரத்தில் இருக்கிறார்கள். ஒருவர் இந்த வீட்டு அடுப்படியில் இருக்கிறார்.

இந்தக் கேள்வி எனக்குள் கூர்மையானதற்கு ஒரு காரணம் உண்டு. கணவர் படுத்த புதிதில் ஓர் உபவாச ஜெபக் கூட்டத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். ஊழியக்காரர் ஒருவர் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். அடுத்த மாதம் போனபோதும் நிலைமை மாறாததைக் கண்டு, வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார். எழுந்து போகவும் முடியாத, பதில் சொல்லவும் முடியாத மனிதர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் காதுபடவே சொன்னார். பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் பதில் சொன்னதை அந்தக் கூட்டத்தில் யாரும் நினைவுபடுத்தவில்லை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்து, பாவம் செய்யாமலா இது வந்தது என்று விளக்கத் தொடங்கியதையே தேவன் கடைசி அதிகாரத்தில் கண்டிக்கிறார். இதை வெறும் உபதேசப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே நொந்துகிடக்கும் வீடுகளில் இப்படிப்பட்ட பேச்சு எத்தனை பேரை ஆராதனைக்கே வராமல் செய்துவிடுகிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சித்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "காலையில் ஐந்து மணிக்கு எழுந்துவிடு, ஜெபத்துக்குப் பிறகு பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை, நரிமேடு

சித்திக்கு எண்பது வயதாகப் போகிறது. சித்தப்பா போய்ச் சேர்ந்து நெடுங்காலம் ஆயிற்று. இளைய மகன், எனக்குத் தம்பி முறை, நண்பன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனவன், மேலூர்ச் சாலையில் லாரி மோதி இறந்தான். ஓட்டிய நண்பன் பிழைத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு, சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பாயில் உட்கார்ந்து சித்தி வேதாகமத்திலுள்ள சங்கீதங்களை வாசிக்கிறார். நெல்லைச் சீமையில் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. ஜெபப்புத்தகத்தில் நூற்றைம்பது சங்கீதங்களும் முப்பது நாட்களுக்கு, காலை மாலை என்று பகுத்துத் தரப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையை அவர் மாற்றுவதே இல்லை. பிடித்த சங்கீதமாகத் தேடி வாசித்தால் என்ன என்று கேட்டேன். "பிடித்ததையே வாசித்துக்கொண்டிருந்தால் இருபத்துமூன்றும் தொண்ணூற்றொன்றும்தான் தெரியும். நமக்கு இன்றைக்குத் தேவைப்படாதது நாளைக்குத் தேவைப்படும் அம்மா, அதையும் வாயில் போட்டுவைக்க வேண்டும்" என்றார்.

இன்று காலைப் பங்கில் எண்பத்தெட்டாம் சங்கீதம் வந்தது. அதை இத்தனை காலம் நான் கவனித்து வாசித்ததில்லை. சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள்தாம் என்பது வேதப் பண்டிதர்களின் கணக்கு. ஆனால் பெரும்பாலான முறையீடுகள் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் பதின்மூன்றாம் சங்கீதம்கூட ஆறாம் வசனத்துக்குள் பாட்டாக மாறிவிடுகிறது. எண்பத்தெட்டு அப்படித் திரும்புவதில்லை. ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆயினும் அதன் முதல் வரி, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் அழைக்கிறது. புலம்புகிறவன் யாரிடம் புலம்புகிறானோ அவரை விட்டு விலகவில்லை. இந்தச் சங்கீதத்தை யூதர்களும் கிறிஸ்தவர்களும் வேண்டாம் என்று எடுத்துவிடாமல் வைத்துக் காத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. படுக்கையருகே உட்கார்ந்து நான் இரவுகளில் முணுமுணுத்த வார்த்தைகளை அவிசுவாசம் என்று சிலர் சொல்லக்கூடும். அவையெல்லாம் வேதாகமத்தில் எனக்கு முன்பே எழுதப்பட்டிருக்கின்றன.

வாசிப்பு முடிந்ததும் சித்தி ஒரு நோட்டை எடுத்தார். மளிகைக் கடைகளில் வைத்திருக்கும் நீளவாக்குக் கணக்கு நோட்டு; அட்டையின் முதுகில் துணி ஒட்டி, ஊசியால் தைத்திருந்தார். உள்ளே பென்சிலில் பெயர்கள். சபைப் போதகரான ஐயர், பக்கத்து வீட்டுக் குழந்தைகள், பால்காரர், சுகவீனர், வேலை தேடுகிறவர்கள் என்று பக்கம் பக்கமாக. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனவர், மூன்றாம் பக்கத்தில் ஓர் இடத்தில் சற்றே நிறுத்தி, ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அது வண்டி ஓட்டிய அந்த நண்பனின் பெயர் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த வரியில் மட்டும் காகிதம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து, எழுத்தின்மேல் இரண்டு முறை பென்சில் ஓட்டப்பட்டிருந்தது.

"ஆரம்பத்தில் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. விரலை மட்டும் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். பல வருஷம் அப்படித்தான். ஒருநாள் சொல்ல வந்தது" என்றார் சித்தி. மன்னிக்கும் உணர்ச்சி வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் இன்றுவரை ஜெபித்திருக்கவே மாட்டேன் என்றும், விரல் வைத்ததையே கர்த்தர் ஜெபமாக ஏற்றுக்கொண்டார் என்று தான் நம்புவதாகவும் சொன்னார்.

இதைக் கேட்டபோதுதான் வீட்டில் நடப்பதைச் சித்தியிடம் சொன்னேன். என் கணவரால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாது. என் பெயரைச் சொல்ல முயன்றால் வேறு ஏதோ ஒலி வருகிறது. ஆனால் குடும்ப ஜெபத்தில், "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று நாங்கள் தொடங்கினால், "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்று கூடவே வந்துவிடுகிறார். முடிவுவரை பெரும்பாலும் பிசகாமல் சொல்லிவிடுகிறார். முதன்முறை கேட்டபோது அதை அற்புதம் என்றே நினைத்தேன். பேச்சுப் பயிற்சி அளிக்கும் அம்மையார் அதை விளக்கினார். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்களில் பலருக்கு, சொந்தமாக வாக்கியம் அமைக்கும் ஆற்றல் போய்விட்டாலும், சிறுவயதில் மனப்பாடமான ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்னும் எண்வரிசை ஆகியவை தங்கிவிடுவதுண்டாம். விளக்கம் கிடைத்ததால் என் நன்றி குறைந்துவிடவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் ஆறு வயதுப் பையனுக்கு அர்த்தம் முழுவதும் விளங்காமல் ஊட்டப்பட்ட அந்த வார்த்தைகள், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே முழு வாக்கியங்களாக இருக்கின்றன.

சித்தி சற்று நேரம் யோசித்துவிட்டு, ஆண்டவரும் அப்படித்தானே என்றார். சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது முப்பத்தோராம் சங்கீதத்தில் உள்ளது. மூச்சு முட்டுகிற அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தவை, நாசரேத்தில் சிறுவனாகக் கேட்டு வளர்ந்த ஜெபங்கள். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் மூன்று மணி நேர ஆராதனையில் இந்த வசனங்களைக் கேட்டு வருகிறேன். ஆனாலும் இன்றைக்குத்தான் இது எனக்குப் பட்டது.

புதன்கிழமை, பசுமலை

இன்று பகலில் பசுமலைக்குப் போய்வந்தேன். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834ஆம் ஆண்டில். 1842ஆம் ஆண்டில் திருமங்கலத்தில் அவர்கள் தொடங்கிய குருமடம் பின்னர் பசுமலைக்கு வந்தது. 1881ஆம் ஆண்டில் இங்கே தொடங்கிய கல்லூரிதான் 1909ஆம் ஆண்டில் வைகையின் வடகரைக்கு மாறி, இன்று அமெரிக்கன் கல்லூரியாக நிற்கிறது. மலையடிவாரத்தில் மரங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. திருப்பரங்குன்றம் பக்கமிருந்து காற்றும் வந்தது.

இங்கே நான் நினைத்துக்கொண்டது கல்லூரியை அல்ல. அந்த மிஷன் தொடங்கிய முதல் ஆண்டுகளில் காலராவும் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் அவர்களில் பலரை, பிள்ளைகளையும் சேர்த்து, வாரிக்கொண்டு போயின. மீந்தவர்கள் முதலில் சிறுமலையில் இடம் தேடினார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலைமேல் ஏறி, 1845ஆம் ஆண்டில் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். ஊழியத்துக்கு வந்தவர்கள் உயிருக்குப் பயந்து மலையேறலாமா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருக்கக்கூடும். அவர்கள் மலையேறித் தேறித் திரும்பி வந்ததால்தான் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனையும் மதுரையில் நிலைத்தன என்பது என் துணிபு.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்திருந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கவிட்டான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கான நடை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நோயாளியைப் பராமரிக்கிறவர்கள், அதிலும் மனைவிமாரும் மருமகள்மாரும், தூங்குவதையே குற்றமாக எண்ணும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு இந்த அதிகாரத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துவிட்டு, அன்றிரவு அவர்களுக்குப் பதிலாக விழித்திருக்கவும் வேண்டும்.

வியாழக்கிழமை, ஓரியூர்

மாட்டுத்தாவணியில் விடியலிலேயே தொண்டிப் பேருந்தைப் பிடித்தேன். பூவந்தி, சிவகங்கை, காளையார்கோவில் தாண்டத் தாண்ட வயல்கள் தாள் மட்டும் நிற்கும் வெறும் நிலமாகிக்கொண்டே போகின்றன. கண்மாய்களில் நடுவே கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் வெடித்த களிமண், கரையெல்லாம் சீமைக்கருவேலம். வானம் பார்த்த பூமி என்று புத்தகத்தில் படிப்பதற்கும், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

காளையார்கோவிலில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவும் ஓரியூருக்குத்தான் வந்தார். குண்டு மிளகாய் போட்டிருந்தாராம். பூவெடுக்கும் நேரத்தில் பருவம் தவறி மழை பெய்து, பாதிச் செடி அழுகிவிட்டது. நகையை அடகு வைத்து வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. "நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை அக்கா, அருளானந்தர் கோயிலில் போய் உட்கார்ந்து சாமியோடு சண்டை போடப் போகிறேன். வீட்டில் சண்டை போட்டால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்" என்று மிகவும் இயல்பாகச் சொன்னார். ஆபகூக்கு தீர்க்கதரிசியும் சண்டையில்தான் தன் புத்தகத்தைத் தொடங்குகிறான்: எதுவரைக்கும் நான் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று. "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று மூன்றாம் அதிகாரத்தில் அவன் பாடும் வரியை மட்டும் நாம் காலண்டரில் அச்சடித்துக்கொள்கிறோம். முதல் அதிகாரத்தைக் கடக்காமல் மூன்றாம் அதிகாரத்துக்கு வந்து சேர முடியாது. அந்த அம்மா முதல் அதிகாரத்தில் இருந்தார். போகிற இடம் சரியான இடம் என்று எனக்குத் தோன்றியது.

திருவாடானையில் இறங்கி வேறு வண்டி மாறி ஓரியூர் போய்ச் சேர்ந்தோம். இங்கே மண் சிவப்பு. அருளானந்தரின் இரத்தம் சிந்தியதால் சிவந்தது என்பது இந்தச் சீமையின் நம்பிக்கை. செம்மண் புனிதர் என்றே அவரை அழைக்கிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்லாமல் எல்லாச் சமயத்தாரும் வந்து ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு போகிறார்கள். நான் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவள். புனிதர்களிடம் பரிந்துபேசக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் இந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்துகொள்ள அது தடையாக இருக்க வேண்டியதில்லை.

ஜான் தே பிரிட்டோ 1647ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர். 1673ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, மதுரை மிஷனில் சேர்ந்து, பண்டார சுவாமியாகக் காவி உடுத்தி, புலால் மறுத்து, அருளானந்தர் என்னும் பெயரோடு ஊர் ஊராக நடந்தார். 1686ஆம் ஆண்டு மறவர் சீமையில் தம் உபதேசிமாரோடு பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவர் அங்கேயே கௌரவமாக இருந்திருக்கலாம். 1690ஆம் ஆண்டு திரும்பி, மீண்டும் மறவர் சீமைக்கே வந்தார்.

இனி வருவதுதான் இன்று முழுவதும் என் மனத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. இராமநாதபுரம் அரச மரபைச் சேர்ந்த தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் வந்து அவர் அருகில் சுவிசேஷத்தை வாசித்து ஜெபித்தார், தடியத்தேவர் குணமானார். ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்று அருளானந்தர் சொன்னதை ஏற்று மற்ற மனைவியரை விலக்கினார். 1693ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட, அருளானந்தர் அடுத்த சில நாட்களிலேயே கைதானார். பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

அந்த விலக்கப்பட்ட பெண்ணின் கண்ணீரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதையும் நினைத்துக்கொண்டேன். ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. விசுவாசித்த ஒருவர் குணமானார். அந்தக் குணமே விசுவாசித்த இன்னொருவரின் மரணத்துக்கு வழியாயிற்று. விசுவாசம் இருந்தால் சுகம் கிடைக்கும், சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசம் இல்லை என்னும் கணக்கில் ஓரியூரை எங்கே எழுதுவது? தடியத்தேவர் பக்கத்தை மட்டும் வாசித்து மேடையில் சாட்சி சொல்லிவிடலாம். செம்மண்ணில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. பவுல் அப்போஸ்தலன் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டான். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் மட்டும் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்?

இறப்பதற்கு முந்தின நாள் அருளானந்தர் சிறையிலிருந்து தம் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மரணத்தை ஆவலோடு எதிர்பார்ப்பதாக அதில் சொல்கிறார். அவ்வளவு தெளிவு அன்று இரவு அவருக்குத் திடீரென்று கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் குருக்கள் ஓதும் கட்டளை ஜெபத்தை, அதாவது சித்தி வாசிக்கும் அதே சங்கீதங்களை, இருபது ஆண்டுகளாக இந்த வெயிலில் நடந்துகொண்டே சொல்லிவந்த வாய் அது.

மிளகாய்க்கார அம்மா கோயிலில் வெகுநேரம் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். திரும்பும் வண்டிக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. சண்டை முடிந்ததா என்று நான் கேட்கவில்லை. பையிலிருந்த முறுக்கைப் பிரித்து ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். கூட்டுறவுச் சங்கத்தில் நகையைத் திருப்ப வட்டி எவ்வளவு ஆகும் என்று அவர் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை, கீழவெளி வீதி

மதுரையில் தத்துவ போதகரின் குடிசை எங்கே இருந்தது என்று இன்று காட்டுவாரில்லை. தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற, ரோமாபுரியில் கற்றுத் தேர்ந்த ராபர்ட் தே நொபிலி 1606ஆம் ஆண்டு இந்த நகருக்கு வந்து, காவி உடுத்தி, ஒருவேளை மரக்கறி உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். அவருக்கு வந்த துன்பத்தில் பெரும்பகுதி வெளியாரால் வந்ததன்று. அவருடைய முறை கிறிஸ்தவத்துக்கு மாறானது என்று சொந்தச் சபைக் குருக்களே புகார் எழுதினார்கள். புதிதாக ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று தடை வந்தது. 1623ஆம் ஆண்டு பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருடைய முறைக்கு அனுமதி அளிக்கும்வரை, பல ஆண்டுகள் கை கட்டப்பட்டவராக இருந்தார். பிறகு 1640ஆம் ஆண்டு இதே மதுரையில் சிறையும் கண்டார். முதுமையில் பார்வை மங்கி, 1656ஆம் ஆண்டு மயிலாப்பூரில் இறந்தார். விரோதிகள் தரும் துன்பத்தைவிடச் சகவிசுவாசிகள் தரும் துன்பத்தில் நிலைத்து நிற்பது கடினம் என்று நான் நினைக்கிறேன். அவர் அந்த ஆண்டுகளில் சபையை விட்டுப் போகவில்லை. வாதாடி எழுதிக்கொண்டும், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துகொண்டும், அதே ஊரில் இருந்தார். என்னைப் புண்படுத்திய ஜெபக் கூட்டத்தை முன்னிட்டு ஆராதனையையே விட்டுவிடலாமா என்று யோசித்த வாரங்கள் எனக்கும் உண்டு.

மாலையில் கீழவெளி வீதியில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் தூய மரியன்னைப் பேராலயத்துக்குப் போனேன். மதுரைக்காரர்கள் வியாகுல மாதா கோயில் என்று சொல்வது இதைத்தான். தாயின் வியாகுலங்கள் ஏழு என்று எண்ணுவார்கள்; சிமியோன் சொன்ன தீர்க்கதரிசனம், எகிப்துக்கு ஓடியது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எருசலேமில் தேடி அலைந்தது என்று அவற்றில் சில சுவிசேஷத்தில் நேரடியாகவே இருக்கின்றன. சிலுவையருகே அந்தத் தாய் நின்றுகொண்டிருந்ததாக யோவான் எழுதுகிறார். அவர் ஒன்றும் பேசியதாகவோ செய்ததாகவோ இல்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் விலகாமல் இருந்தார். தீராத நோயாளியின் கட்டிலருகே இருக்கிறவர்களுக்கு அந்த இருப்பு நன்றாகத் தெரியும்.

லெந்து வெள்ளி ஆதலால், ஆண்டவரின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை நடந்தது. பதினான்கு நிலைகளிலும் நிற்பதும் முழந்தாள்படியிடுவதுமாகச் சபை அசைந்தது. எனக்கு முன் பெஞ்சில் இருந்த வயதான அம்மா ஒருவருக்கு மூட்டுவலி போலும். மூன்றாம் நிலைக்குப் பிறகு எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண், முன்பின் தெரியாதவள்தான், ஒன்றும் கேட்காமல் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். அடுத்த நிலைக்கும் அப்படியே. பதினான்காம் நிலைவரை அந்தக் கையை எடுக்கவில்லை. ஆண்டவர் விழும் நிலைகள் மூன்று என்பதும், ஐந்தாம் நிலையில் சிரேனே ஊரானாகிய சீமோன் சிலுவையைச் சுமக்க வருகிறான் என்பதும் எனக்கு முன்பே தெரியும். கர்த்தர் அந்த உதவியை மறுக்கவில்லை என்பதை இன்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். என் பாடு என்னோடு போகட்டும், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்வதை நம் வீடுகளில் பெரிய புண்ணியமாகக் கருதுகிறோம். அதற்கு வேதத்தில் ஆதாரம் தேடினால் கிடைக்காது.

சனிக்கிழமை, நரிமேடு

மாலை ரயிலில் ஊருக்குத் திரும்புகிறேன். மூட்டை கட்டுவதற்கு முன் பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் போதகரின் மனைவியான ஐயரம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று அவர் எப்போதும் சொல்லுவார். நானும் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். இன்று, வாரத்தில் ஒரு மாலை யாராவது இரண்டு பேர் வீட்டுக்கு வந்து என் கணவரோடு உட்கார்ந்திருக்க முடியுமா, அந்த நேரத்தில் நான் தூங்கவேண்டும் என்று நேராகக் கேட்டேன். ஐயரம்மா ஒரு கணம் தயங்கி, "இதை முன்பே கேட்டிருக்கலாமே அக்கா, என்ன செய்வது என்று தெரியாமல்தான் நாங்கள் ஜெபத்தோடு நின்றுவிட்டோம்" என்றார். பத்து மணிக்குள் மறுபடியும் அழைத்து, செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வருகிறவர்கள் யார் என்றும் சொல்லிவிட்டார். இருவருமே ஓய்வுபெற்ற ஆசிரியைகள். ஒருவர் பாடகர் குழுவில் இருக்கிறவர்.

வந்து என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நலம் விசாரித்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாமல் அவர் வருந்துவார், அதனால் கேள்விகள் வேண்டாம் என்றேன். அன்றைய சங்கீதத்தை, அது எதுவாக இருந்தாலும், மெதுவாக வாசியுங்கள்; தெரிந்த கீர்த்தனை ஒன்றைப் பாடுங்கள்; பிறகு கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கி, முதல் வரிக்குப் பின் சற்று நிறுத்துங்கள், இரண்டாம் வரியை அவரே எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவைத்தேன்.